கையைத் தூக்கினால் அடிக்கிறது

சட்டைப்பையில் எந்நேரமும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் துருத்திக்கொண்டு நிற்பதால், லிஃப்ட் கம்பெனியில் அவன் பெயரே டெஸ்டர்தான். எந்த லிஃப்ட் நின்றாலும் நாலு கேள்வி கேட்டே பழுதைப் பிடித்துவிடுவான். அப்பேர்ப்பட்டவன் சொந்தத் தங்கை விஷயத்தில் கோட்டை விட்டான் என்றால் யார் நம்புவார்கள்?

அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அது பரம்பரையாக வரும் இதயத் துடிப்புக் கோளாறு என்று அப்புறம்தான் தெரிந்தது. பிள்ளைகளைச் சோதித்தார்கள், இருவருக்குமே இருந்தது. இருவர் நெஞ்சிலும் தோலுக்கடியில் தீப்பெட்டி போல ஒரு கருவியை வைத்து, அதிலிருந்து ஒரு வயரை இதயத்துக்குள் விட்டார்கள். துடிப்பு தறிகெட்டால் அது ஷாக் கொடுத்து நேராக்கும். போன வருஷம் மாடிப்படியில் சுருண்டு விழுந்த டெஸ்டரை ஒரே அடியில் எழுப்பி உட்கார வைத்தது. அன்றிலிருந்து அவனுக்கு அது கண்கண்ட தெய்வம்.

தங்கைக்கு முதல் அடி விழுந்தபோது அவள் குழந்தைக்கு ஆறு மாதம். மயக்கமில்லை, படபடப்பில்லை. தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கப் போனவளுக்கு நெஞ்சில் சம்மட்டியால் போட்ட மாதிரி இருந்தது. அடுத்தது துணி காயப்போடும்போது.

"கையைத் தூக்குறப்பதாண்ணா அடிக்குது."

"உயிரைக் காப்பாத்துதேன்னு சந்தோஷப்படு. எனக்குந்தான் அடிச்சுது, நான் என்ன ஊரைக் கூட்டினேனா? சரியான பயந்தாங்கொள்ளி! ரெண்டு மாசத்துல செக்கப் வருதுல்ல, அப்ப பாத்துக்கலாம்."

விஷயம் தெரிந்தவர் சொல்கிறார் என்று அவள் புருஷனும் தலையாட்டினான். மூன்றாவது அடியில் குழந்தை அவள் கையிலிருந்து நழுவிக் கட்டில் மேல் விழுந்தது. அதோடு அவள் பிள்ளையைத் தூக்குவதையே விட்டுவிட்டாள். வேலை முடிந்ததும் டெஸ்டர் வந்து தோளில் போட்டுத் தூங்கவைப்பான். மாமன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பெருமை வேறு!

செக்கப் நாளில் ஆஸ்பத்திரியில் கருவியைப் பரிசோதிக்கும் டெக்னீஷியன் அம்மா ஷாக்கை நிறுத்தி வைத்துவிட்டு, இடது கையை உயர்த்தச் சொன்னார். திரையில் கோடுகள் கன்னாபின்னாவென்று எகிறின.

"வயர்ல விரிசல் விட்டிருக்கும்மா. கையைத் தூக்கினா தப்பான சிக்னல் வருது. துடிப்புதான் தறிகெட்டுப் போச்சுன்னு நெனச்சுக் கருவி அடிச்சிருக்கு. மூணுமே வீண் அடி." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "ஒரே நோய், ஒரே கருவிதான். ஆனா இங்க நாங்க பாக்குறதுல, உங்களுக்கு விழுந்த மாதிரி உயிர் காக்குற அடி ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி. பொம்பளைங்களுக்கு இந்த மாதிரித் தொல்லைதான் ஜாஸ்தி. உங்களை வச்சு அவங்களை அளக்கலாமா? சொன்ன அன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கதவு அசைந்தால் மட்டும் லிஃப்ட் நிற்கிறது என்று வாட்ச்மேன் போன் செய்தால், வயர்தான் போயிருக்கும் என்று அங்கேயே சொல்பவன். எந்த லிஃப்டையாவது பயந்தாங்கொள்ளி என்று திட்டியிருப்பானா? பாவி! கருவி தப்பாக அடிக்கும் என்று ஒத்துக்கொண்டால் தன் நெஞ்சில் இருப்பதையும் சந்தேகப்பட வேண்டிவரும். பயந்தது அவன், பட்டம் கட்டியது தங்கைக்கு.

வயரை மாற்றினார்கள். ஆறு வாரம் கழித்து, இனிமேல் பிள்ளையைத் தூக்கலாம் என்றார்கள். அன்று சாயங்காலம் குழந்தை அவன் தோளில் இருந்தது. தங்கை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். குழந்தை வேற்று ஆளைப் பார்ப்பது போல அவளைப் பார்த்தது. பிறகு வீறிட்டு அழுது மாமன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"என்னை மன்னிச்சிரும்மா," என்றான்.

"அதெல்லாம் அப்புறம். அவளை எங்கிட்ட குடு."

"அழுறாளே..."

"அழட்டும். குடுண்ணா."

காலரை இறுகப் பிடித்திருந்த அந்தச் சின்ன விரல்களை அவன் ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.