ரோஸிலி ஏலத்தில் எடுத்த இருக்கை

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் யாரோ ஒரு பினோய். அந்த பினோயின் அண்ணிக்கு நடந்ததாம். விமானத்தில் படுத்துக்கொண்டே போகிற இருக்கைகளில் விற்காமல் மிஞ்சுவதைக் கம்பெனி ஏலம் விடுமாம்; அதற்கு அவள் ஆகக் குறைந்த தொகையைத்தான் கேட்டாளாம், ஆனாலும் கிடைத்துவிட்டதாம். கூடப் போன மாமியாருக்கு எண்பது வயது, அதுதான் காரணமாம்.

“கம்ப்யூட்டர் வயசைப் பாக்குதாம்” என்றான் ஷாஜு. “வயசானவங்க பேரு இருந்தா பணத்தை அப்புறந்தான் பாக்குமாம்.”

“உனக்கு யாருடா சொன்னது?” என்றார் ஒருவர்.

“எங்க கிடங்குல வேலை பாக்கறவன். அவனுக்கு பினோயே சொன்னானாம். இல்ல, பினோயோட மச்சினன்.”

லிமெரிக் நகரத்து மலையாளிகளிடம் எந்தச் செய்தியும் இப்படி நாலு கை மாறித்தான் வந்து சேரும். அதனால் யாரும் நம்பாமல் இருந்ததில்லை. பழம்பொரியை, அந்த வாழைப்பழ பஜ்ஜியை, கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த ரோஸிலியும் நம்பினாள்.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் தேவாலயத்தை ஒட்டிய மண்டபத்தில் ஏலச்சீட்டு நடக்கும். எல்லாரும் திருச்சூர், சாலக்குடிப் பக்கத்து ஆட்கள். அயர்லாந்துக்கு வரும்போது ஊறுகாய் ஜாடியோடு சீட்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். அந்தச் சீட்டில் எங்கும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு. வீட்டில் அவசரம் என்று வந்துவிட்டால், அந்த ஆள் எழுந்து காரணத்தைச் சொல்லி, எவ்வளவுக்குக் கேட்கிறேன் என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். அதன்பிறகு வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏலம் விடுகிறவர் முறைக்கு மூன்று தரம் கூவுவார். மண்டபம் முழுவதும் சாயாவை உறிஞ்சிக்கொண்டு சுவரைப் பார்க்கும். சீட்டு அவசரக்காரருக்குப் போய்விடும்.

ரோஸிலிக்கு அந்த மௌனத்தின் அருமை தெரியும். தம்பி ஆன்றோவுக்குச் சிறுநீரகம் மாற்றிய வருஷம் அவள் எழுந்து நின்றாள். வீடு வாங்க முன்பணம் தேடிக்கொண்டிருந்தவர்கள்கூட அன்று அவளுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தப் பழக்கத்தில்தான் பெட்சி இந்த ஞாயிறு எழுந்து நின்றாள். பெட்சி, ரோஸிலி நர்ஸாக வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் வேறு வார்டில் நர்ஸ்; ரோஸிலியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். பேரனைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அவள் அப்பா பைலி, உறைபனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இரும்பு வைத்துத் தைத்து, இப்போதுதான் பறக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“ஏலச்சீட்டு விஷயம் இல்ல” என்றாள் பெட்சி. “பதினாறாம் தேதி ப்ளைட்ல அப்பச்சனைக் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு மட்டும் அந்தப் படுக்கிற சீட்டுக்கு ஏலம் கேட்டிருக்கேன். காலை நீட்டியே வச்சிருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு.” எவ்வளவு கேட்டிருக்கிறாள் என்பதையும் சொன்னாள். ஏலச்சீட்டில் அதுதானே மரியாதை.

“அந்த ப்ளைட்ல வேற யாரு போறீங்க?” என்றான் ஷாஜு. “வாயைத் தொறந்தீங்க, அப்பச்சன் கைத்தடி பேசும்.”

சக்கர நாற்காலியிலிருந்த பைலி சிரித்தார். “என்னமோ போங்க. நம்ம ஊர்ல தண்ணி ஓடும். இங்க அது வாசல்லயே படுத்துக் கெடந்து ஆளைத் தள்ளுது.”

அதே விமானத்தில் போகிறவள் ரோஸிலி ஒருத்திதான். ஆன்றோவின் மகளுக்கு மனசம்மதம், கல்யாண நிச்சயம். அவளும் மற்றவர்களோடு சிரித்தாள்.

ஏலம் கேட்கும் எண்ணம் அப்போது அவளுக்கு இருந்ததா என்று கேட்டால், இருந்தது. டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே இருந்தது. ரியாத்தில் சில வருஷம், பிறகு இங்கே என்று அவள் வாழ்க்கையே பிறத்தியாரைப் படுக்க வைப்பதில் போய்விட்டது. தலைமாட்டை உயர்த்து, கால்மாட்டைத் தாழ்த்து, புரட்டு, தலையணை வை. ஊருக்குப் போகும்போதோ அவளுக்கு வாய்ப்பது நடு இருக்கை. மடியில் ஊரார் கொடுத்தனுப்பிய பொட்டலம், இருபக்கமும் அந்நியத் தோள்கள். முன்னால் திரைச்சீலை ஒன்று தொங்கும். அதற்கு அப்பால் கட்டில் மாதிரி நீட்டிப் படுத்திருப்பார்கள் என்று கேள்வி. ஒரு தரம், ஒரே ஒரு தரம் வானத்தில் படுத்துப் பார்க்க வேண்டும். இதை அவள் கணவன் வர்க்கிச்சனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவன், “படுக்கறதுக்கு நம்ம வீட்ல கட்டில் இல்லையா?” என்று கேட்பான்.

மறுநாள் வார்டில் சாப்பாட்டு இடைவேளையில் போனை எடுத்தாள். விமானக் கம்பெனியின் பக்கத்தில் வண்டியின் வேகமானி முள் மாதிரி ஒன்று இருந்தது. தொகையைக் கூட்டக் கூட்ட அது சிவப்பிலிருந்து பச்சைக்கு நகர்ந்தது. முதலில் பெட்சி சொன்னதைவிடக் குறைத்துத்தான் போட்டாள். சும்மா, விளையாட்டாக. முள் சிவப்பிலேயே கிடந்தது. பெட்சியின் தொகையைப் போட்டுப் பார்த்தாள். மஞ்சள். அதற்கு மேல் ஐம்பது யூரோ. முள் பச்சையைத் தொட்டது.

கம்ப்யூட்டர்தான் வயசைப் பார்க்குமே என்று நினைத்துக்கொண்டாள். பைலி அப்பச்சனுக்கு எழுபத்தெட்டு வயது. நான் எவ்வளவு கேட்டாலும் அவருக்குத்தான் முதலில் போகும். மிச்சம் இருந்தால்தானே எனக்கு? ஒரே ஒரு இருக்கையா இருக்கப்போகிறது?

கட்டைவிரல் அழுத்திவிட்டது.

வேண்டாம் என்றால் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தது. நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் வேலை அதிகம். அதற்கடுத்த நாள் போனைத் திறந்தவள், பச்சை முள்ளைப் பார்த்துவிட்டு மூடினாள்.

வாழ்த்துகள் என்று தொடங்கிய கம்பெனியின் மின்னஞ்சல் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது வந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்சியின் செய்தியும் வந்தது: ‘எங்களுக்குக் கிடைக்கல சேச்சி. ஒரு சீட்டுதான் இருந்துச்சாம். பரவால்ல, நடைவழி ஓரமா மாத்திக் குடுத்துட்டாங்க.’

ஒரு இருக்கைதான் இருந்திருக்கிறது. ரோஸிலி மடித்த சட்டையை மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள்.

டப்ளின் விமான நிலையத்தில் மறைக்க வழியில்லை. அவளை வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். பெட்சி பின்னாலிருந்து பார்த்துவிட்டாள்.

“சேச்சி, அந்தப் பக்கம் எதுக்கு?”

“என்னமோ தெரியலடி. சும்மாவே மாத்திக் குடுத்திருக்காங்க. ரொம்ப வருஷமாப் போறேன்ல, அதுக்காக இருக்கும்.”

பொய் அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வழுக்கி விழுந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம் அடுத்து வந்தது. பெட்சி கொஞ்சமும் முகம் சுளிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்மள்ல ஒருத்தருக்காவது கெடைச்சுதே. அப்பச்சா, பாத்தீங்களா? ரோஸிலி சேச்சிக்குக் கட்டில் வந்திருக்கு.”

“வரட்டும், வரட்டும்” என்றார் பைலி. “எத்தனை பேரைப் படுக்க வச்ச கை. கர்த்தர் பாத்துக்கிட்டுதானே இருக்காரு.”

“அப்பச்சன் வேணா அங்க படுத்துக்கட்டுமே” என்றாள் ரோஸிலி. “நான் இங்க உக்காந்துக்கறேன்.”

“சேச்சி, பேசாம போங்க. ஒரு நாளாவது படுங்க.”

ரோஸிலி பேசாமல் போனாள். அவர்கள் ஊரில் விருந்தாளி முதல் தரம் சோறு போதும் என்றால் அதற்குப் போதும் என்று அர்த்தம் இல்லை. இரண்டாம் தரம் கரண்டியை நீட்ட வேண்டும். கையால் இலையை மறைத்தாலும் மூன்றாம் தரம் போட்டுவிட வேண்டும். அது தெரியாதவள் யாரும் அங்கே பிறந்ததில்லை. ரோஸிலி ஒரே தரம்தான் கேட்டாள். பெட்சி மறுத்ததும் உள்ளுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அந்த லேசைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை.

விமானம் பகலில் கிளம்பியது. சூடான துவாலை, கண்ணாடிக் குவளை, கூப்பிடாமலே பக்கத்தில் வந்து குனிந்து பெயர் சொல்லிப் பேசும் பெண். பொத்தானை அழுத்தினால் கால் உயர்ந்தது, முதுகு சாய்ந்தது. ரோஸிலி படுத்தாள். வார்டில் எந்தக் கட்டிலையும் ஒரே அமுக்கில் சரி செய்கிறவளுக்கு அந்தப் படுக்கையில் எப்படிப் படுப்பது என்று தெரியவில்லை. இடம் புரண்டாள், வலம் புரண்டாள். நோயாளியைப் போல மல்லாந்து, கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்துக் கிடந்தாள்.

மனசு கேட்கவில்லை. எழுந்து திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போனாள். பெட்சி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். பைலியின் கால் அவள் மடியில், தலையணை மேல் இருந்தது. அப்படி வைப்பதற்காக அவர் உடம்பை முறுக்கி உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை.

“எப்படி மோளே, கட்டில்தானா அது?” என்றார் மெதுவாக.

“ஆமா அப்பச்சா. நீங்க பாதத்தை ஆட்டிக்கிட்டே இருங்க. மேலயும் கீழயும்.”

“ஆட்டிக்கிட்டுதான் இருக்கேன். இவ முழிச்சிருவாளேன்னு பாக்கறேன்.”

எழுந்து வாங்க என்ற சொல் தொண்டைவரை வந்தது. அப்போது சாப்பாட்டு வண்டி நடைவழியில் வந்துவிட்டது. ரோஸிலி ஒதுங்கினாள். ஒதுங்கினவள் அப்படியே திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

வளைகுடாவில் விமானம் மாறி, கொச்சியின் நெடும்பாசேரி நிலையத்தில் இறங்கியபோது விடிந்திருந்தது. பெட்டிகளுக்காகக் காத்திருக்கையில் பைலி தன் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததை ரோஸிலி பார்த்தாள். குனிந்து வேட்டியை ஒதுக்கிக் கையை வைத்தாள். ஒரு கால் மற்றதைவிடப் பருத்திருந்தது. தோல் இறுகி, கொதித்தது.

“வீட்டுக்குப் போகாதீங்க” என்றாள். “நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே.”

பெட்சிக்கும் புரிந்துவிட்டது. நாற்காலியை வாசலை நோக்கித் திருப்பினாள்.

சாயங்காலம் பெட்சியின் செய்தி வந்தது. காலின் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கிறது. அது நெஞ்சுக்கு ஏறாமல் இருக்க ஊசி போட்டு வைத்திருக்கிறார்கள். இன்னும் ரெண்டு நாள் பார்க்க வேண்டுமாம். கடைசியில் எழுதியிருந்தாள்: ‘சேச்சி தொட்டுப் பாத்து சொல்லலைன்னா நாங்க வீட்டுக்குத்தான் போயிருப்போம். சேச்சியைக் கடவுள்தான் கூட அனுப்பிச்சார்.’ ஏலச்சீட்டுக்காரர்களின் வாட்ஸப் குழுவிலும் அதையே போட்டிருந்தாள். கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

இடுப்பு ஆபரேஷன் ஒன்றே போதும், ரத்தம் கட்ட. ரோஸிலிக்கு அது தெரியும். படுத்து வந்திருந்தாலும் கட்டியிருக்கலாம். எந்த டாக்டரும் இன்னதால்தான் என்று அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. வேறொருத்தி இப்படி வந்து புலம்பியிருந்தால் அவளே இதைச் சொல்லித் தேற்றி அனுப்பியிருப்பாள். தனக்குச் சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை.

மனசம்மதத்துக்கு முதல் நாள், ஆன்றோவின் வீட்டுப் பின்கட்டில் பெண்கள் அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது ஷாஜு லிமெரிக்கிலிருந்து கூப்பிட்டான்.

“சேச்சி, ஒரு விஷயம். உங்களுக்கு அந்த சீட்டை சும்மாதானே குடுத்தாங்க?”

ரோஸிலி கையைத் துடைத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனாள். “ஆமா. ஏன்?”

“இது அநியாயம் இல்லையா? காசு குடுக்கறேன்னு ஒருத்தி நிக்கறா, அதுவும் ஆபரேஷன் பண்ணின பெரியவருக்கு. அவளுக்கு இல்லைன்னுட்டு இன்னொருத்தருக்கு ஓசியில குடுக்கறாங்க. உங்களைச் சொல்லல சேச்சி, கம்பெனியைச் சொல்றேன்.”

“விடுடா. முடிஞ்சு போனது.”

“என்னத்தை விடறது? பெட்சிகிட்ட புகார் எழுதச் சொல்லிட்டேன். நான்தான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தேன். இந்த சீட்டை யாருக்கு, எவ்வளவுக்குக் குடுத்தீங்கன்னு கேட்டிருக்கேன். உங்க பேரையும் போட்டிருக்கு, சாட்சியா. இன்னிக்கி அனுப்பிடுவா.”

“என் பேரா?”

“நீங்கதானே கூட இருந்தீங்க? நீங்க சொன்னா நம்பாம இருப்பாங்களா?”

அவன் இன்னும் ஏதேதோ சொன்னான். ரோஸிலி காதில் விழவில்லை. சரி என்று சொல்லி வைத்தாள்.

கிணற்று மேடையில் உட்கார்ந்தாள். கம்பெனி பதில் எழுதினாலும் எழுதும், எழுதாமலும் விடும். பேரைச் சொல்லாமல், அதிகம் கேட்டவருக்குக் கொடுத்தோம் என்று ஒரு வரி போட்டாலே போதும். அது வந்தால் பெட்சிக்குத் தெரியும். வராவிட்டால் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் ஒரு பொய்க்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருப்பாள். குழுவில் கூப்பிய கைகள் வந்துகொண்டே இருக்கும். பைலி அப்பச்சன் பிழைத்து எழுந்தால், பார்க்கிறவர்களிடமெல்லாம் ரோஸிலி மோளுடைய கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

“நாத்தனாரே, மாவு பாதியில நிக்குது” என்று உள்ளேயிருந்து ஆன்றோவின் மனைவி குரல் கொடுத்தாள். “அயர்லாந்துல இப்படித்தான் வேலையை விட்டுட்டு ஓடுவீங்களா?”

“வர்றேன். ஒரு போன்.”

எப்படித் தொடங்குவது என்று யோசித்தாள். அப்பச்சன் எப்படி இருக்கார் என்று தொடங்கினால் அவள் அழுவாள். அழுதால் சொல்ல வராது. வேறெதற்கும் இடம் கொடுக்காமல், போனை எடுத்ததுமே, பெட்சி, அந்த சீட்டை நான்தான் உனக்கு மேல ஏலம் கேட்டு எடுத்தேன் என்று சொல்லிவிட வேண்டும். ஐம்பது யூரோ கூட வைத்து, நீ எல்லார் முன்னாலயும் சொன்ன தொகைக்கு மேல. இதையும் சொல்ல வேண்டும். உதடு அசையச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பெட்சியின் பெயரை அழுத்தினாள். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியது. பின்கட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரோஸிலி போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு, முதல் வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.