கட்-அவுட் முன்னால் ஒரு சத்தியம்

நடிகர் சந்திரரூபன் ஐம்பது ஆண்டுகளாகக் கதாநாயகன். அதில் பாதிக்கு மேல் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கிரியும் கதாநாயகன்தான். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு வெல்டிங் பட்டறை. திருவிழா, கல்யாணம் என்று அழைப்பு வந்தால் விக், கூலிங் கிளாஸ், சந்திரரூபன் நடை. ஊருக்கு அவர் டூப்பு.

நடிகர் எடுக்கும் முடிவெல்லாம் பக்கிரி வீட்டு அடுப்படிவரை வரும். அவர் ஒரு படத்துக்காக உடம்பைக் குறைத்தார். இங்கே ராத்திரிச் சோறு நின்றது. அவர் மீசையை எடுத்தார். இங்கேயும் மீசை போனது, பக்கிரியிடம் மனைவி மாலதி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருமுறை நரைத்த தாடியோடு அப்பாவாக நடித்தார். மகிழ்ந்துபோன பக்கிரி டை டப்பாவைத் தூக்கி எறிந்தார். அடுத்த படத்தில் தலைவர் கல்லூரி மாணவர்!

"அந்த ஆளுக்கு எப்பதான் வயசாவும்?" என்றாள் மாலதி, புது டையைக் கலக்கிக்கொண்டே.

"அவருக்கு ஆவாது. அவருக்கும் சேத்து எனக்குத்தான் ஆவுது."

மகள் அனுப்பிரியாவுக்குச் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கொன்றையூர் காலனியில் மாப்பிள்ளை அமைந்தார். ஜெயப்பிரகாஷ், வங்கி வேலை. படிப்பு, சம்பளம் எல்லாம் இருந்தது. பெரிய தெருவில் ஊர்வலம் போகும் உரிமை மட்டும் இல்லை. காலனிக் கல்யாணம் என்றால் வயல் வழியாகச் சுற்றித்தான் மண்டபத்துக்குப் போக வேண்டும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை, சாதி சொன்னது.

"பேசாம கல்யாணத்த கடலூர்லயே வச்சிக்கலாம் மாமா" என்றார் ஜெயப்பிரகாஷ்.

அனுப்பிரியா விடவில்லை. "ஓடி ஒளிஞ்சி எதுக்குக் கட்டிக்கணும்? அந்தத் தெருவுல போவலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்."

பத்திரிகை அடிக்காமல் காத்திருந்தபோது, அதே பெரிய தெரு ரசிகர் மன்றம் சந்திரரூபன் பொன்விழாவுக்குப் பக்கிரியை அழைத்தது. டூப்பின் சாதியை யாரும் விசாரிக்கவில்லை. அந்த மூஞ்சிக்குச் சாதி கிடையாதாம்! திறந்த ஜீப், ஆளுயர மாலை, வாசலுக்கு வாசல் ஆரத்தி. குழந்தைகள் குடிக்க வேண்டிய பால் கட்-அவுட்டின் தலையிலிருந்து சாக்கடைக்கு ஓடியது.

இந்த மன்றங்களில் ஒரு வழக்கம் உண்டு. விழா முடிவில் நடிகர் ஏதாவது கேட்பார். ரசிகர்கள் கட்-அவுட் முன்னால் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்வார்கள். அவர் வராத ஊரில் டூப்பே கேட்கலாம். பெரும்பாலும் ரத்ததானம்.

"எதுனா கேளு தலைவா! உசுர கேட்டாலும் குடுப்போம்!" என்று மைக்கை நீட்டினார் மன்றத் தலைவர் ராமாமிர்தம்.

"உசுரு வேணாம் ராசா. அடுத்த மாசம் ஒரு கல்யாண ஊர்வலம் இந்தத் தெருவுல வருது. நீங்க முன்னால நின்னு ஆடிக்கினே கூட்டிப் போவணும்."

"அவ்ளோதானா தலைவா!"

கூட்டமே சூடத்தின் முன் கை நீட்டியது. செல்போன்கள் படம் பிடித்தன.

"ஆமா, யாரு ஊட்டுக் கல்யாணம்?"

"காலனி ஜெயப்பிரகாஷுக்கும் எம் பொண்ணுக்கும்" என்று பக்கிரி விக்கைக் கழற்றினார்.

ராமாமிர்தம்தான் முதலில் கத்தினார். "யோவ், டூப்புகிட்ட பண்ண சத்தியம் செல்லாது!"

"சரி, நான் டூப்பு. சூடம் கொளுத்தினது கட்-அவுட்டுக்குத்தான? அதுவும் டூப்பா?"

அது வெறும் பலகை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. பகுத்தறிவு பேசும் நாங்கள் மேடைதோறும் கரடியாகக் கத்திய உண்மை. அன்று ஒருநாள் அவர்களுக்கு அது உறைக்காமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. சாயங்காலத்துக்குள் வீடியோ எல்லா மன்றங்களுக்கும் போய்விட்டது. சொல் தவறினால் ராமாமிர்தத்தின் பதவி போய்விடும்.

கல்யாணத்தன்று பெரிய தெருவில் பாதி வாசல்கள் சாத்தியிருந்தன. மன்றத்துப் பையன்களோடு ராமாமிர்தம் அபராதம் கட்டுகிறவர் முகத்தோடு ஆடத் தொடங்கினார். மேளம் வேகமெடுத்ததும் முகம் மறந்துபோனது. அவருடைய அப்பா ஜன்னலைத் திறந்து, "டேய், உள்ள வாடா!" என்று கத்தினார்.

"சத்தியம்பா!" என்று கத்திவிட்டு அவர் இன்னொரு சுற்று சுற்றினார்.

காருக்குள் அனுப்பிரியா இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுதாக இறக்கினாள். "மெதுவாவே ஓட்டுங்கண்ணா" என்றாள் டிரைவரிடம்.