பௌர்ணமிக்கு முந்தின நாள் லோடு

இருபது வருடமாக லாரி ஓட்டும் திருவண்ணாமலை சாந்த் பாஷாவுக்கு, நேரத்தோடு போய்ச் சேருவது எப்படி என்று சென்னை மேனேஜர் இரண்டு மணி நேரம் வகுப்பு எடுத்தார். அந்தப் புண்ணியத்தில் அன்றைய சிமெண்ட் லோடு இரண்டு மணி நேரம் தாமதம்.

ஆனாலும் அந்த மாதப் பௌர்ணமி சமயத்தில் நேரம் தவறாதவர் பாஷா மட்டும்தான். கிரிவலக் கூட்டத்துக்காகப் போலீஸ் மறித்ததில், மற்ற லாரிகள் திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு நாள் முழுக்கத் தவம் கிடந்தன.

மேனேஜர் போனில் கேட்டார். "எந்த ஆப் யூஸ் பண்றீங்க, பாய்?"

"ஆப்லாம் இல்ல சார். வண்டியில தினசரி காலண்டர் மாட்டியிருக்கேன். பௌர்ணமி எப்பன்னு பாத்து, மொத நாளே லோடு எறக்கிடுவேன்."

மேனேஜர் ஆழ்ந்து யோசித்தார். நிர்வாகம் படித்தவர் அல்லவா!

"ஞாயித்துக்கிழமை நமக்கு லீவுதானே பாய்? அடுத்த பௌர்ணமிய அன்னிக்கு மாத்த முடியுமான்னு கோயில்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."