வடிகால்மேல் நின்ற மாமியார்

அந்தப் பத்து மாடிக் கட்டட வேலைக்கு வரும் லாரிக்காரர்கள் எல்லாரும் அவளை டோல்கேட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வெளிவாசலில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். சக்கரத்துச் சேறு முழுக்கப் போகாமல் எந்த வண்டியும் தெருவில் இறங்க முடியாது. எத்தனை ஹாரன் அடித்தாலும் அவள் காதில் விழாது.

அதற்கு முன் பதினைந்து வருஷம் கலவைச் சட்டி சுமந்தவள். ஒருமுறை தளம் போடும்போது பூட்சுக்குள் சிமென்ட் தண்ணீர் இறங்கிவிட்டது. வேலை முடியட்டும் என்று சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கழற்றிப் பார்த்தால் கணுக்காலைச் சுற்றித் தோல் வெந்துபோயிருந்தது. நெருப்பில்லாமலே சுடுகிற தண்ணீர் அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தவளுக்கு வாசல் வேலை கொடுத்தார்கள். சக்கரம் கழுவ வேண்டும், வடிகால் வாயில் மணல் மூட்டை அடுக்க வேண்டும், கலவை லாரிகள் டிரம்மைக் கழுவிவிடுகிற, தார்ப்பாய் விரித்த குழியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

வாசலுக்கு எதிரே இருந்த மழைநீர் வடிகால் நேராக ஓடைக்குப் போகிறது. பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிற ஓடை. வேலைக்கு வரும் வழியில் தினமும் பார்ப்பாள்.

அவள் மகளைக் கட்டியவர் கலவை லாரி ஓட்டுநர். கல்யாணமாகி நான்கு வருஷமாகியும் மாமியாரும் மாப்பிள்ளையும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசியிருப்பார்களா என்பது சந்தேகம். வண்டிக்குள்ளிருந்து அவர் தலையசைப்பார். இவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, மற்ற வண்டிகளைவிட இரண்டு நிமிஷம் கூடுதலாகவே சக்கரம் கழுவுவாள்.

இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் கழுவுகிற குழி விளிம்புவரை நிரம்பிவிட்டது. சூப்பர்வைசரிடம் இரண்டு தடவை சொன்னாள். "பாக்கலாம்மா" என்றார். மூன்றாம் நாள் மழை விட்டதும் கலவை லாரிகள் வரிசையாக வந்தன. கடைசியாக வந்தது மாப்பிள்ளை வண்டி. கலவையைக் கொட்டிவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தார். வாசலில் அவள் சக்கரம் கழுவியதும் தெருவுக்கு வண்டியை எடுத்துப்போய், வடிகால் ஓரம் நிறுத்தி, டிரம்மைக் கழுவ வண்டிக் குழாயைத் திறந்துவிட்டார்.

சாம்பல் நிறத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்ததும் அவளுக்கு வெட்கமெல்லாம் எங்கே போனதோ!

"மாப்பிள்ளை! நிறுத்துங்க!"

ஓடிப்போய் வடிகால் மூடிமேல் நின்றுகொண்டாள்.

"தள்ளுங்க அத்தை, கால்ல படப்போகுது."

"படட்டும். பட்ட கால்லதானே படும்."

"குழி ரொம்பி வழியுது. வேற எங்க கழுவுறது, என் தலையிலயா? கலவை காஞ்சுட்டா டிரம்மை உளி வச்சுத்தான் பேர்க்கணும்."

"நீங்க சொல்றது நியாயந்தான். அதுக்காகப் புள்ளைங்க கால் வைக்கிற தண்ணியில விடலாமா?"

அவர் அவள் கணுக்காலைப் பார்த்தார். பிறகு குழாயை மூடினார். அவள் உருட்டிவந்த காலிப் பீப்பாய்களில் மீதியைக் கழுவினார். தெருவில் தேங்கியதை அவள் வாளியில் அள்ளினாள். ஆனாலும் கொஞ்சம் உள்ளே போனது போனதுதான்.

சத்தம் கேட்டு சூப்பர்வைசரும் இன்ஜினியரம்மாவும் வருவதற்குள் வண்டி போய்விட்டது.

"யார் வண்டிம்மா?" என்று கேட்டார் இன்ஜினியரம்மா.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் வீட்டோடு போகும். வண்டி நம்பரைச் சொன்னாள்.

"இன்னொண்ணும் எழுதிக்குங்கம்மா. குழி ரொம்பிடுச்சுன்னு நேத்தும் சொன்னேன், முந்தாநாளும் சொன்னேன்."

சூப்பர்வைசர் அவசரமாகப் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

ஒரு வாரத்துக்கு அந்த வண்டி உள்ளே வரக்கூடாது என்றார்கள். அன்று சாயங்காலமே மகளிடமிருந்து போன். "உலகத்துல இருக்கிற லாரியெல்லாம் விட்டுட்டு உனக்கு என் வீட்டுக்காரர் வண்டிதான் கிடைச்சுதா? நீயெல்லாம் ஒரு அம்மாவா?" பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு இவள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்கச் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

அதற்குள் பம்பு வைத்துக் குழித் தண்ணீரை டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டி, மழை விழாதபடி மேலே தகரம் போட்டார்கள்.

எட்டாம் நாள் மாப்பிள்ளை வண்டி வந்தது. புதுக் குழியில் கழுவிவிட்டு வாசலுக்கு வந்தவர், வழக்கத்துக்கு மாறாக இறங்கி வந்தார்.

"குழி விஷயத்தை நீங்கதான் சொன்னீங்களாமே, அத்தை. இன்ஜினியரம்மா சொன்னாங்க."

"பின்னே? தப்பு உங்க ஒருத்தர் மேல மட்டுமா?" என்றவள், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவ கோவம் அடங்கலியா?"

"உங்க பொண்ணுதானே. லேசுல அடங்குமா?"

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளை முன்னால் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

போனாள். கதவைத் திறந்த மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டைக் கொண்டுவந்து நங்கென்று வைத்தாள்.

"சாப்பிடு. கோவம் இன்னும் போகல."

"சரிடி. கொஞ்சம் குழம்பு ஊத்து," என்றாள் அவள்.