கழற்றி வைத்த கதவுகள்

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். மத்தியான நேரத்தில், கையில் எந்த வேலை இருந்தாலும் சட்டென்று நிறுத்திவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பாள். பிறகு எழுந்து பின்பக்கக் கொட்டகைக்குப் போவாள். போன வேகத்திலேயே திரும்பி வந்து, யாரும் கேட்பதற்கு முன்னால் தானாகவே "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்வாள்.

எதிர்வீட்டு அக்கா ஜன்னல் வழியாக இதைப் பல வருஷங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "என்னடி, கொட்டகையில புதையல் கிதையல் வச்சிருக்கியா? மணிக்கொரு தரம் போய் எட்டிப் பார்த்துட்டு வர்ற?" என்று கேட்பாள். அவள் சிரித்து வைப்பாள். அதிகம் பேசாதவளுக்குச் சிரிப்பு ரொம்ப உதவியான சாமான்.

கொட்டகையில் புதையல் இல்லை. பழுதான பிரிட்ஜுகள் இருந்தன. அவள் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். மற்ற மாதங்களில் ஒன்று இரண்டு வரும். வெயில் தலைகாட்டியதும் ஊரிலுள்ள அத்தனை பிரிட்ஜுக்கும் ஒரே சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போய்விடும். வண்டியில் படுத்தபடி வந்து இறங்கும். அவர் காஸ், கம்ப்ரசர், ஒயர் என்று முதுகுப்பக்க வேலையைப் பார்ப்பார். உள்பக்கம் அவளுடைய வேலை. தட்டுகளை உருவி வெந்நீரில் ஊறப்போடுவாள். கதவு ரப்பரின் மடிப்புகளில் படிந்த கறுப்பைப் பழைய பல்விளக்கும் பிரஷால் தேய்த்து எடுப்பாள். ஒரு வீட்டார் எதைச் சாப்பிடுகிறார்கள், எதை மறந்துவிடுகிறார்கள் என்பது அந்த மடிப்புகளைப் பார்த்தாலே அவளுக்குத் தெரிந்துவிடும். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கொட்டகையில் ஒரு வழக்கம் இருந்தது. வேறெந்த மெக்கானிக்கும் செய்யாதது. பிரிட்ஜ் வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாகக் கதவைக் கழற்றிவிடுவார்கள். பழுது என்னவென்று பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். கழற்றிய கதவுகள் சுவர் ஓரமாக வரிசையாகச் சாய்ந்திருக்கும். பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும்.

முதல் பிரிட்ஜ் வீட்டுக்கு வந்த அன்றே அவள் கேட்டுக்கொண்டது அது. அதுவரை அவர் மின்விசிறி மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். "கதவைக் கழட்டி வச்சுடுங்க" என்றாள். ஏன் என்று கேட்காமல் கழற்றினார். இரண்டு நாள் கழித்துக் கேட்டார். அவள் சொன்னாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். பொடியன் என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடம் லீவு விட்ட வாரம், தெருப் பிள்ளைகள் கண்ணாமூச்சி ஆடினார்கள். மூடிப்போன கடை ஒன்றின் பின்னால் பழைய ஐஸ் பெட்டி ஒன்று கிடந்தது. வெளியே கொக்கி வைத்தது. கதவை இழுத்துச் சாத்தினால் கொக்கி தானாக விழுந்துவிடும். பொடியன் அதற்குள் ஒளிந்தான். மற்றவர்கள் தேடினார்கள், கிடைக்கவில்லை, வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்து அடுத்த ஆட்டத்துக்குப் போனார்கள். அவளுக்கு அன்றைக்குக் காய்ச்சல். அந்தக் கடையின் பின்பக்கத்தைப் பார்த்த ஜன்னலுக்கு அடியில்தான் நாள் முழுக்கப் படுத்திருந்தாள்.

அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. யாருக்குமே கேட்கவில்லை. அவ்வளவு கனமான பெட்டி அது.

தட்டும் சத்தம் அடுத்த வருஷம் வெயில் காலத்தில்தான் தொடங்கியது.

முதலில் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. திறந்து பார்த்தாள், துணிதான் இருந்தது. பிறகு தகரப் பெட்டியிலிருந்து. கல்யாணமாகி வந்த வீட்டுக்கும் கூடவே வந்தது. கொட்டகைக்குப் பிரிட்ஜுகள் வந்தபிறகு, இடம் பார்த்து உட்கார்ந்துகொண்ட மாதிரி அங்கேயே தங்கிவிட்டது. பலமான தட்டல் இல்லை. கோபமும் இல்லை. விரல் முட்டியால் தட்டிவிட்டுப் பதில் வருமா என்று கேட்டுப் பார்ப்பது போல இருக்கும்.

கணவர் நல்லவர். "தகரம் சூட்டுல விரியுது, அந்தச் சத்தம்தான்" என்றார். கூரையிலிருந்த தகரத்தையெல்லாம் எடுத்துவிட்டு ஓடு போட்டுக் கொடுத்தார். ஓட்டின் கீழும் கேட்டது. அதற்குப் பிறகு அவர் கூரையைக் குறை சொல்வதில்லை.

அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவன் அம்மாவைப் போல, வாயில் வார்த்தை வருவதற்குள் பொழுது விடிந்துவிடும். சின்னவளுக்கு வாலு என்று பெயர் வைத்தது எதிர்வீட்டு அக்கா. பொருத்தமாக அமைந்துவிட்டதால் வேறு பெயர் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. இரண்டு பேருக்கும் பொடியனைப் பற்றித் தெரியாது. கதவை ஏன் கழற்றுகிறோம் என்றால், உள்ளே காற்றுப் பட்டு நாற்றம் போகத்தான் என்று சொல்லி வைத்திருந்தாள். தன் காதில் இருப்பது பிள்ளைகளின் காதுக்குப் போய்விடக் கூடாது. அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் வெயில் முன்னதாகவே வந்துவிட்டது. கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. அவசரத்தில் ஒரு நாள் கதவுகள் மாறிப்போயின.

தையற்கடை அக்கா வாசலில் வந்து நின்று கத்தியபோதுதான் தெரிந்தது. "மெக்கானிக்கு! வெளிய வாய்யா! என் பிரிட்ஜுல யாரோட கதவு?"

"உங்க கதவுதாங்கா. வேற யாரு கதவு?"

"என் கதவு பச்சை. இது வெள்ளை. அதுவும் கதவு முழுக்க எவன் வீட்டுப் பிள்ளையோ யானைப் படமா ஒட்டி வச்சிருக்கான். எனக்குப் பிள்ளையா குட்டியா? என் வீட்டுக்காரர் ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தவரு யானையைப் பார்த்துட்டு அலறிட்டாரு!"

வாலு விழுந்து விழுந்து சிரித்தாள். மெக்கானிக்குக்கு முகம் சுண்டிப்போயிற்று. பச்சைக் கதவு போன வீட்டுக்கு ஓடி, கழற்றி, மாட்டி, திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

"இந்தா பாரு" என்றார் அவளிடம், தாழ்ந்த குரலில். "இந்த வருஷம் கதவைக் கழட்ட வேணாம். ஒவ்வொரு பெட்டியையும் கயித்தால இறுக்கிக் கட்டிடறேன். பசங்களால தொறக்கவே முடியாது. இப்ப வர்றதெல்லாம் காந்தக் கதவு வேற. உள்ளேயிருந்து கால் பட்டாலே தொறந்துக்கும். கொக்கிக் கதவு எங்க இருக்கு சொல்லு?"

அவள் ஊறிய தட்டு ஒன்றை எடுத்துத் துடைத்தாள்.

"இன்னொண்ணு. நீ எழுந்து எழுந்து போறல்ல? பெரியவன் உன்னையே பார்த்துக்கிட்டிருக்கான். நீ தலையைச் சாய்ச்சா அவனும் சாய்க்கிறான். கவனிச்சியா?"

அவள் கவனித்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கவனிக்கிறவள் அதை விட்டுவிட்டாள்.

"இனிமே போகல" என்றாள். "என்ன கேட்டாலும் போகல."

பள்ளிக்கூடம் லீவு விட்டது. புத்தகப் பைகள் மூலைக்குப் போயின. வீடு முழுக்கப் பிள்ளைகளாகவே இருந்த மாதிரி ஆயிற்று. வாலு காலையிலிருந்து ஒளிவாள். ஒளிந்த இடத்திலிருந்தே "நான் எங்க இருக்கேன், கண்டுபிடி!" என்று கத்துவாள். கண்டுபிடித்தால், "நீ ஏமாத்திட்ட, எட்டிப் பார்த்த" என்று சண்டைக்கு வருவாள். அதனால் அவளைத் தேடுவதில் பெரிய கஷ்டம் இல்லை. இருந்தாலும் அம்மாவின் கண் அவள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம். கணவர் சரிசெய்த பிரிட்ஜைக் கொடுக்க வண்டியோடு போயிருந்தார். வாலு கட்டிலுக்கடியில் ஒளிந்து, அங்கேயே தூங்கிப்போயிருந்தாள். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பெரியவன் தரையில் உட்கார்ந்து அட்டைப்பெட்டியை வெட்டி லாரி செய்துகொண்டிருந்தான். அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

தட்டும் சத்தம் கேட்டது.

அவள் வாலுவின் பாதங்களைப் பார்த்தாள். பெரியவனைப் பார்த்தாள். இருவரும் கண்முன்னால் இருக்கிறார்கள். கொட்டகையில் யாரும் இருக்க முடியாது. மடித்துக்கொண்டிருந்த சட்டையின் கையைச் சரிசெய்தாள். மறுபடி தட்டியது. சட்டையைக் குலைத்துவிட்டு முதலிலிருந்து மடித்தாள். கயிறு கட்டிய பெட்டிகள் அவள் மனக்கண்ணில் நின்றன. இத்தனை வருஷம் போய்த் திறந்து பார்க்கிறவள் இன்றைக்கு வரவில்லையே என்று உள்ளே யாரோ காத்திருப்பது போலிருந்தது. தட்டல் வேகமாகவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பொறுமையாகத் தட்டியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தியே வைத்திருந்தாள். சாய்க்கவில்லை. பையன் பார்க்கிறான்.

பெரியவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். எழுந்தான். அவளைத் தாண்டிக்கொண்டு பின்வாசல் வழியாகக் கொட்டகைக்குப் போனான்.

அவள் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. கயிறு அவிழ்க்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவு. இன்னொரு கதவு. பிறகு எல்லாம் அடங்கியது. தட்டலும் நின்றிருந்தது.

பையன் திரும்பி வந்தான். "ஒண்ணுமில்லம்மா" என்றான். உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தான்.

"எங்கடா போயிட்டு வர்ற?"

"சும்மா."

"சும்மாவா? என்ன கேட்டுச்சு உனக்கு?"

அவன் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "தட்டுற சத்தம். போன லீவுலேருந்தே கேக்குது. நீதான் போய்ப் பார்த்துட்டு வருவியே, அதனால நான் போகல. இன்னைக்கு நீ எழுந்திருக்கல. பாவமா இருந்துச்சு."

அவள் மடித்த துணியின்மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். மறைத்து வைத்தது எதுவும் மறைந்திருக்கவில்லை. சொல்லாமல் விட்டதால் அவன் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான், ஒரு வருஷமாக, அவளைப் போலவே.

"பயமா இருந்துச்சாடா?"

"மொதல்ல இருந்துச்சு." கொஞ்சம் யோசித்தான். "யாரும்மா அது?"

அவள் சொன்னாள். பெட்டி, கொக்கி, காய்ச்சல், ஜன்னல், எல்லாம். கணவரிடம் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னாள். பொடியனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன, அதனால் அவளை அக்கா என்று கூப்பிடும்போது காற்றுதான் அதிகமாக வரும் என்பதைக்கூடச் சொன்னாள். பையன் லாரியை மறந்துவிட்டான்.

"உன் தம்பின்னா, எனக்கு மாமாவா?"

அப்படி ஒரு உறவு இருப்பதாக அவள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"ஆமா. மாமாதான்."

"என்னைவிடச் சின்ன மாமா!" பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தான். அவளும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ள மடித்து வைத்த சட்டையையே எடுத்தாள்.

கட்டிலுக்கடியிலிருந்து வாலுவின் தலை வெளியே வந்தது. "யாரு மாமா? என்ன வாங்கிட்டு வந்தாரு?"

சாயங்காலம் கணவர் வந்தபோது, கயிறு அவிழ்ந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் தகரம் என்றோ ஓடு என்றோ சொல்லவில்லை. பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பெரியவன் விளக்கைப் பிடித்தான். இருட்டுவதற்குள் எல்லாக் கதவுகளும் சுவரோரம் சாய்ந்துவிட்டன. மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு பெட்டியிலும் அதன் கதவிலும் ஒரே மாதிரிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

அதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பெரியவன் இப்போது அப்பா உயரத்துக்கு வந்துவிட்டான், குரல் உடைந்துவிட்டது, வெயில் காலத்தில் அப்பாவுக்குக் கூடமாட வேலை செய்கிறான். கொட்டகையில் இன்னமும் கதவைக் கழற்றித்தான் வைக்கிறார்கள். தட்டும் சத்தம் நிற்கவில்லை. அம்மாவுக்குக் கை வேலையாக இருந்தால் அவன் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான், அவன் வெளியே போயிருந்தால் அவள் போகிறாள். வாலு மத்தியானத்தில் வெறும் பெட்டிகளின் பக்கத்தில் போய்க் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உங்களுக்கு மட்டும் கேட்கிறதே என்று இரண்டு பேரிடமும் கோபித்துக்கொள்வாள். அவளுக்கு இதுவரை எதுவும் கேட்கவில்லை.