ஐந்து பாயிண்ட் சலுகை

எங்கள் மாடம்பாக்கம் குடியிருப்பில் ஆண்டுதோறும் ஷட்டில் போட்டி நடக்கும். புதிதாக ஆட வந்தவர்களுக்கு ஒவ்வொரு செட்டிலும் ஐந்து பாயிண்ட் சலுகை. நான் ஷட்டில் பேட்டைத் தொட்டே ஒரு வருடம் ஆகவில்லை. ‘பிகினர்’ என்றுதான் பெயர் கொடுத்தேன். அரையிறுதியில் ஜெயித்ததும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கைதட்டியவர்களிடம், "ஸ்கூல்ல பூப்பந்து ஆடியிருக்கேன், டிஸ்ட்ரிக்ட் வரைக்கும்" என்று பெருமையடித்துவிட்டேன்.

மறுநாள் நான் ஏறியதும் லிஃப்டில் பேச்சு நின்றது. கீழே செயலாளர் காத்திருந்தார்.

"மேடம், டிஸ்ட்ரிக்ட் பிளேயர் பிகினர்னு ஆடலாமா? ஃபைனல்ல உங்களோட ஆடறவங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க."

"சார், அது பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து. அது வேற, ஷட்டில் வேற."

"பேப்பர்ல ஷட்டிலைத்தானே பூப்பந்துன்னு போடறாங்க?"

பேப்பர்காரர்கள் மாற்றி எழுதினால் நான் ஃபிராடா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதன்பிறகு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் ஒரே பாடத்தை இரண்டுமுறை நடத்தினேன். சாம்பாரில் உப்பே இல்லை. "விட்டுத் தள்ளு, அப்பார்ட்மென்ட் மேட்ச்தானே" என்றார் கணவர். திருடி என்று அவரையா சொன்னார்கள்? படுத்தால் புரண்டேன், எழுந்தால் பால்கனிக்கும் ஹாலுக்குமாக நடந்தேன். யார் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். எல்லோர் முன்னாலும் கத்தியே சொன்னேன்: "உங்க அஞ்சு பாயிண்ட் எனக்கு வேண்டாம். சைபர்லேர்ந்து ஆடறேன்."

கோபத்தோடுதான் ஆடினேன். எதிரே இருந்தவர் பேங்கில் வேலை பார்ப்பவர், என்னைவிடச் சின்னவர், பல வருடமாக ஆடுகிறவர். அவர் தூக்கிப்போட்டதையெல்லாம் கை என்னைக் கேட்காமலே அடித்து இறக்கியது. நேராக இரண்டு செட். இப்போது என்ன சொல்வீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை.

அவர் வந்து என் கையைப் பிடித்தார். குரலில் கிண்டல்கூட இல்லை.

"நீங்களே காமிச்சிட்டீங்களே அக்கா. உங்களுக்கு எதுக்கு அந்த அஞ்சு பாயிண்ட்?"

கம்பளிப் பந்து என்று வாய்வரைக்கும் வந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? நான் ஏமாற்றவில்லை. தோற்றிருந்தால் அதை நம்பியிருப்பார்கள்.