வேப்பமரத்தில் ஓர் இடம்

எழுபதுகளில், கல்பாக்கத்தில் புதிதாக எழும்பிய டவுன்ஷிப்புக்குக் கணவரோடு குடிபோனேன். கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஒருநாள் ஊரைச் சுற்றிப் பார்க்கையில் கடலோரம் கன்னியம்மன் கோயில் தென்பட்டது. வேப்பமரம் முழுக்க வேண்டுதல் தொட்டில்கள். பிள்ளை பிறந்ததும் கட்டியவர்களே வந்து அவிழ்ப்பார்கள். கைக்குட்டையில் நானும் ஒன்று கட்ட நினைத்தேன். எட்டும் கிளையில் இடமே இல்லை.

அப்போது ஒருத்தி மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தன் தொட்டிலை அவிழ்த்தாள். பொறாமையை மறைத்துக்கொண்டு, "என்ன குழந்தை?" என்று கேட்டேன்.

"கொழந்தையா? பன்னெண்டு வருசமா காத்துலதான் ஆடிக்கினு கீது. எனக்கு இனிமே இன்னாத்துக்கு? இந்த எடத்துல நீ கட்டிக்கம்மா."

அவள் முகத்தைப் பார்க்காமலே கட்டினேன்.

மகள் பிறந்தபின் அதை அவிழ்த்துவிட்டு, குழந்தையை அவளிடம் காட்டக் குப்பமெல்லாம் தேடினேன். "அவ பேர் இன்னாம்மா?" என்றார்கள்.

அதை நான் கேட்கவே இல்லை.